ஒரு வாரத்துக்குக் கிடைத்த புத்தகம்

சீசன் தொடங்கிவிட்டால் மாரியப்பனின் மெஸ்ஸில் யாருக்கும் உட்கார நேரம் இருக்காது. ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இரண்டு லாட்ஜுகளுக்கு நடுவில் ஒடுங்கிக் கிடந்த சின்ன மெஸ் அது. மலைப் பாதையில் வளைந்து வளைந்து ஏறி வந்ததில் தலை சுற்றிப்போன ஜனங்களை சேலத்து பஸ்கள் கொண்டுவந்து இறக்கும். முகம் கழுவியதும் அவர்களுக்குப் பசி வரும். மாரியப்பன் கல்லாவில் இருப்பார். அடுப்படியை அவர் மனைவி கமலா பார்த்துக்கொள்வாள். பெண்கள் இருவரும் இலை போட்டுப் பரிமாறுவார்கள்.

எண்பத்தொன்பதாம் வருஷத்து சீசனில் அந்தப் பெண்கள் இருவருமே மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு எழுத இருந்தார்கள். இளையவள் மல்லிகா அப்போதுதான் பிளஸ் டூ பரீட்சை முடித்திருந்தாள். மூத்தவள் காவேரிக்கு இது இரண்டாவது முறை. போன வருஷம் கொஞ்சத்தில் போய்விட்டது. வேறு எந்தக் காலேஜிலும் சேராமல் ஒரு வருஷம் மெஸ்ஸிலேயே நின்றாள். ஆத்தூர் பக்கம் விதைக்கடை வைத்திருந்த ஒருவருக்கு அவளைக் கேட்டு வந்தபோது, "இந்த ஒரு தடவை மட்டும் எழுதிக்கறேனுங்கப்பா. இதுலயும் கெடைக்கலீன்னா நீங்க சொல்ற எடத்துக்குக் கழுத்த நீட்டறேன்" என்று அவளேதான் அப்பாவிடம் சொன்னாள். மாரியப்பனும் ஒத்துக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டாரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டார்.

தேர்வுக்கு ஒரு மாதம்கூட முழுதாக இல்லை. ஒரு நாள் மத்தியான வேலை ஓய்ந்ததும் காவேரி தங்கையை ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிட்டாள். அரிசி மூட்டைகளின் மேல் இருந்ததையெல்லாம் பரப்பி வைத்திருந்தாள். பாடப் புத்தகங்கள், தலையணை மாதிரி ஒரு கைடு, சேலத்து டுடோரியல் ஒன்றில் படித்தவர்களிடமிருந்து வாங்கிய, மை கலங்கிய நோட்ஸ் கட்டுகள், பழைய கேள்வித்தாள்கள்.

"இத்தனையும் படிக்கோணுமா?" என்றாள் மல்லிகா.

"போன வருசம் நான் அப்படித்தான் ஆரம்பிச்சேன். காலையில இதுல ரெண்டு பக்கம், சாயங்காலம் அதுல ரெண்டு பக்கம். ஒண்ணும் ஒட்டல. பரீட்சையில உக்காந்தா எல்லாம் படிச்ச மாதிரியே இருக்குது, ஒண்ணுத்துக்கும் பதில் மட்டும் வரல."

காவேரி கைடை எடுத்து ஓரமாக வைத்தாள். நோட்ஸ் கட்டுகளையும் அதன்மேல் வைத்தாள்.

"அக்கா, அந்த கைடுல ஆயிரக்கணக்குல கேள்வி இருக்குதுக்கா!"

"இருந்துட்டுப் போவுது. தாவரவியலும் விலங்கியலும் பாடப் புஸ்தகத்த வரி விடாம படிச்சாப் போதும். வேதியியலுக்கு சமன்பாடும் ஒவ்வொரு பாடத்துக்கும் கடைசியில இருக்கற கேள்வியும். வாரத்துக்கு ஒரு பழைய கேள்வித்தாள, கடிகாரத்த வெச்சுக்கிட்டுப் போட்டுப் பாக்கறோம். அவ்வளவுதான்."

"அப்ப பிசிக்ஸ்?"

காவேரி பழைய கேள்வித்தாள்களை அடுக்கினாள். போன வருஷம் அவளைக் கவிழ்த்தது அதுதான். பாடப் புத்தகத்தில் கணக்குகள் குறைவு. கைடில் விடை மட்டும்தான் இருக்கும், வழி இருக்காது. "அதுக்கு ஏதாச்சும் பாக்கலாம்" என்றாள்.

மல்லிகா காதால் படிக்கிறவள். புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் தூங்கிவிடுவாள். யாராவது வாசித்தால் அப்படியே பிடித்துக்கொள்வாள். அதனால் சின்ன வெங்காயம் உரிக்கும்போதும் மாவு அரைக்கும்போதும் காவேரி சத்தமாகப் படிப்பாள். இலையின் உள்ளமைப்பு, தவளையின் ரத்த ஓட்டம் என்று எல்லாமே அந்த அடுப்படியில் ஒலித்தன. "எங்காதுலயும் பாதி ஏறிருச்சு கண்ணு, நானும் ஒரு பரீட்சை எழுதிப் பாக்கட்டுமா?" என்று கமலா சிரிப்பாள். உயிரியலில் மல்லிகா தத்தளித்துக்கொண்டிருந்தது உண்மை. காவேரியின் சத்தத்தில்தான் அவள் கரையேறினாள்.

முதல் கேள்வித்தாளை இருவரும் ஒன்றாக உட்கார்ந்து போட்டார்கள். திருத்தியது காவேரி. தன்னுடையதை முதலில் திருத்தினாள். கிட்டத்தட்ட போன வருஷம் எடுத்த அளவுதான் வந்தது. ஒரு வருஷம் முழுக்கப் படித்த பிறகும் அதே இடம். அடுத்து மல்லிகாவுடையதைத் திருத்தினாள். உயிரியலில் அவள் பின்னால் இருந்தாள். ஆனால் பிசிக்ஸில், சரியாகப் படிக்காத பாடங்களில்கூட, ஏதோ ஒரு வழியில் நுழைந்து விடையைத் தொட்டிருந்தாள். காவேரி மறுபடியும் கூட்டிப் பார்த்தாள். தப்பில்லை. மொத்தத்தில் தங்கை அவளைத் தாண்டியிருந்தாள்.

"எவ்வளவுக்கா?" என்று வெளியிலிருந்து மல்லிகா கத்தினாள்.

"பரவால்லடி. இன்னும் படிக்கோணும்" என்றாள் காவேரி. தாள்களை மடித்து அடுப்புக்குள் போட்டாள்.

இரண்டு நாள் கழித்து அருள்சாமி சார் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது கையில் ஒரு புத்தகம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் எடுப்பவர். குடும்பம் சேலத்தில் இருந்ததால் சாப்பாடு மாரியப்பன் மெஸ்ஸில்தான். மெட்ராஸிலிருந்து வரவழைத்த புத்தகம். நுழைவுத் தேர்வுக்கென்றே கணக்குகளை வகை வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வழியை விளக்கியிருந்தார்கள்.

"ஒரே காப்பிதான் இருக்குது. வர்ற வாரம் வெள்ளக்கடை ஊருல ஒரு பையனுக்குத் தர்றதா சொல்லிட்டேன். ஒரு வாரத்துக்கு நீங்க வெச்சுக்குங்க. ரெண்டு பேரும் பாத்துக்கோங்க சாமி."

காவேரி கை துடைத்துக்கொண்டு வாங்கினாள். நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்தாள். போன வருஷம் முட்டி மோதி விட்டுப்போன கணக்கு ஒன்று அங்கே அத்தனை எளிதாக அவிழ்ந்து கிடந்தது.

அந்த வாரம் கோடை விழா. மெஸ்ஸில் கூடமாட உதவுகிற மாதம்மாள், மகளின் பிரசவம் என்று செம்மநத்தம் போயிருந்தாள். ஒருத்தி காலையிலிருந்து ராத்திரி வரை பந்தியிலேயே நின்றாக வேண்டும். இல்லையென்றால் இருவரும் பாதி நேரம் நிற்க வேண்டும்.

"காலையில நீ படி, மத்தியானத்துக்கு மேல நான் படிக்கறேன்" என்றாள் மல்லிகா.

காவேரி அதை முன்பே மனதுக்குள் போட்டுப் பார்த்திருந்தாள். பாதி வாரத்தில் அந்தப் புத்தகத்தை முடிக்க முடியாது. அவளுக்கும் ஆகாது, தங்கைக்கும் ஆகாது. ஒருத்தி முழுதாகப் படித்தால் ஒருத்தியாவது தேறுவாள். யார் என்பது அடுப்பில் எரிந்துபோன அந்தத் தாள்களில் தெரிந்திருந்தது. அப்படி அவள் நினைத்தாள்.

"நீயே வெச்சுக்கடி. போன வருசம் சேலத்து டுடோரியல் புள்ளைங்ககிட்ட இதே புஸ்தகத்த வாங்கிக் கணக்கெல்லாம் போட்டுட்டேன் நானு."

"நெசமாவா? சொல்லவேயில்ல?"

"எல்லாத்தையும் உங்கிட்டச் சொல்லிக்கிட்டிருப்பனா? போ, போய்ப் படி."

மல்லிகா நம்பினாள். அந்த வயதில், நம்பினால் நல்லது நடக்கும் என்று தெரிந்தால் யாரும் நம்பத்தான் செய்வார்கள்.

அந்த வாரம் காவேரி இலை போட்டாள், சாம்பார் வாளி தூக்கினாள், எச்சில் மேசை துடைத்தாள். ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னால் தங்கை தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டே கணக்குப் போடுவது கேட்கும். ஒரு நாள் தண்ணீர் கொண்டு போனபோது மல்லிகா மூட்டையின்மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மடியில் புத்தகம் விரிந்து கிடந்தது. காவேரி சொம்பைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து அந்தப் பக்கத்தைப் படித்தாள். ஒரு லென்ஸ் கணக்கு. முதல் வரி, இரண்டாம் வரி, மூன்றாம் வரி. புரிந்தது. பக்கத்தைத் திருப்பப் போனாள்.

"ஏம்மா, சாம்பார் கேட்டு எத்தன நேரமாச்சு!"

நிமிர்ந்தாள். தங்கையை உலுக்கி எழுப்பிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

தேர்வு நாளன்று சேலத்தில் அப்படியொரு வெயில். மலையிலிருந்து இறங்கியவர்களுக்குத் தாங்க முடியவில்லை. உயிரியல் கேள்விகள் காவேரிக்குத் தண்ணீர் பட்ட பாடாக இருந்தன. பிசிக்ஸ் பக்கம் வந்ததும் கை நின்றது. அந்த லென்ஸ் கணக்கு அப்படியே வந்திருந்தது. அதைப் போட்டாள். அதற்கு அடுத்து வந்ததெல்லாம் அவள் திருப்பாமல் விட்ட பக்கங்களில் இருந்திருக்க வேண்டும். யோசித்து யோசித்து, நேரம் போய், கடைசியில் மனம் போன போக்கில் குறியிட்டாள்.

வெளியே வந்ததும் மல்லிகா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "அக்கா, பிசிக்ஸ் எல்லாமே அந்தப் புக்குல இருந்த மாதிரியே! உனக்கு நொம்ப ஈசியா இருந்திருக்குமே?"

"இருந்துச்சு" என்றாள் காவேரி.

பட்டியல் வந்தபோது மல்லிகாவின் பெயர் இருந்தது. தஞ்சாவூரில் இடம். காவேரியின் பெயர் இல்லை. கடைசியாக இடம் கிடைத்தவரின் மதிப்பெண்ணுக்கும் அவளுடையதற்கும் ஒரு மார்க்குக்கும் குறைவான வித்தியாசம். அதை அவள்தான் முதலில் பார்த்தாள். புத்தகத்தைத் தங்கைக்கு விட்டபோது தான் போட்ட கணக்கு தப்பு என்பது அப்போதுதான் புரிந்தது. மல்லிகா எல்லைக்கோட்டைத் தாண்டி நல்ல தூரத்தில் இருந்தாள். பாதி வாரம் அவளுக்குப் போதுமாக இருந்திருக்கும். மீதிப் பாதி காவேரியையும் தூக்கிவிட்டிருக்கும். இருவருமே போயிருக்கலாம்.

மாரியப்பன் அன்று மெஸ்ஸுக்கு வந்தவர்களுக்கெல்லாம் கேசரி கொடுத்தார். "எம்பட பொண்ணு டாக்டருக்குப் படிக்கப் போறாளுங்க" என்று முன்பின் தெரியாத டூரிஸ்ட்டுகளிடம்கூடச் சொன்னார். கேசரித் தட்டை எடுத்து வந்தவள் காவேரி என்பதைப் பார்த்ததும் பேச்சு நின்றது. "உனக்கும் ஒரு வாய் எடுத்துக்க கண்ணு" என்றார் மெதுவாக. அவள் எடுத்துச் சாப்பிட்டாள், இனிப்பு திட்டமாக இருக்கிறது என்றும் சொன்னாள். ஆத்தூர் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லி அனுப்பிவிடச் சொன்னதும் அவள்தான்.

ஹாஸ்டலில் மல்லிகாவைச் சேர்க்க அப்பாவும் காவேரியும் போனார்கள். வாசலைத் தாண்டி ஆண்களை விடவில்லை. மாரியப்பன் வெளியே நிற்க, காவேரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு தங்கையுடன் உள்ளே போனாள். மேசையில் இருந்த வார்டன் அம்மாள் இருவரையும் ஏறிட்டுப் பார்த்தாள்.

"ரெண்டு பேருமே ஃபர்ஸ்ட் இயரா?"

"இல்லீங்க. இவதானுங்க. நான் கூட வந்திருக்கறனுங்க."

மாடியில் அறை. காவேரி கட்டிலைத் தட்டிப் படுக்கை விரித்தாள். அலமாரியில் துணிகளை அடுக்கினாள். ஜன்னல் வழியே, வெள்ளைக் கோட்டைக் கைமேல் போட்டுக்கொண்டு பெண்கள் சிலர் சிரித்தபடி போவது தெரிந்தது. அவள் ஜன்னலைப் பாதி சாத்தினாள்.

"அக்கா" என்றாள் மல்லிகா. குரல் ஒரு மாதிரி இருந்தது. "சொல்லிட்டு வரலாமுன்னு அருள்சாமி சாரப் பாக்கப் போனேன்ல? அந்தப் புக்கு இந்த வருசம்தான் மொதமொதலா போட்டாங்களாமா. போன வருசம் அப்படி ஒரு புக்கே கெடையாதாமா."

காவேரி தலையணை உறையை மாட்டிக்கொண்டே இருந்தாள்.

"நீ அதப் பாக்கவேயில்ல. இல்லியா?"

"படிச்சேன். ஒரு பக்கம்."

"ஏங்க்கா இப்படிப் பண்ணுன?" மல்லிகா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் எப்படிக்கா இங்க இருக்கறது? ஒவ்வொரு நாளும் இது உன்ற எடமுன்னு நெனச்சுக்கிட்டு எப்படி இருப்பேன்? நான் வரேன் உங்கூடவே. ஊட்டுக்கே போயிரலாம்."

காவேரிக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. தங்கையின் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"வந்தீன்னா கொன்னுருவேன். இது உன்ற எடம். நீ போட்ட கணக்குக்கு வந்த எடம். எனக்குக் கெடைக்காததுக்கு நீ காரணமில்ல. நாந்தான் தப்பாக் கணக்குப் போட்டுட்டேன். அத நான் சொமந்துக்கறேன். நீ இருந்துதான் ஆவோணும், படிச்சுத்தான் ஆவோணும். அழுவறதா இருந்தா நான் போனப்பறம் அழு."

மல்லிகா அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அப்போதே அழுதாள். காவேரி முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். கீழே மணி அடித்தார்கள். கூட வந்தவர்கள் கிளம்ப வேண்டுமாம்.

வாசலுக்கு வெளியே மாரியப்பன் புங்க மரத்தடியில் நின்றிருந்தார். டீக்கடையில் இரண்டு டீ சொல்லி, அவளுடையதை ஆறாமல் கையால் மூடிப் பிடித்திருந்தார்.

"அழுதாளா சின்னவ?"

"ம்."

"செரியாயிரும். பழகிக்குவா." டம்ளரை நீட்டினார். "குடி கண்ணு. காலையில இருந்து ஒண்ணும் சாப்படல நீ."

காவேரி வாங்கி ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடிக்கப் பார்த்தாள். டீ தாவணியில் சிந்தியது. பட்டியல் வந்த நாளிலிருந்து, கேசரித் தட்டோடு மேசை மேசையாகப் போன போதும், ஆத்தூரிலிருந்து வந்து தட்டு மாற்றிய போதும் வராத அழுகை, ரோட்டில் ஜனங்கள் போய்வரும் அந்தப் பட்டப்பகலில் வந்தது. சத்தம் போட்டு அழுதாள். டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மாரியப்பன் பதறிப்போனார். இந்த இரண்டு மாதமும் அவள் வேலை செய்ததையும் சிரித்ததையும் பார்த்து, மூத்தவள் மனதைத் தேற்றிக்கொண்டுவிட்டாள் என்றுதான் நம்பியிருந்தார். ஆறுதல் சொல்லவும் தெரியவில்லை, அணைத்துக்கொள்ளவும் பழக்கமில்லை. டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார்.

"நான் வேணும்னா ஆத்தூர்க்காரங்ககிட்டச் சொல்லிப் பாக்கறேன் சாமி. இன்னும் ஒரு வருசம்..."

"வேண்டாமுங்கப்பா" என்றாள் காவேரி, அழுகைக்கு நடுவில். "தை மாசம்னு வாக்குக் குடுத்தாச்சு. வேண்டாமுங்க."

அவர் துண்டை எடுத்து அவள் கையில் திணித்தார். ரோட்டைப் பார்த்துத் திரும்பி, மகளை யாரும் பார்க்காதபடி அவளுக்கு முன்னால் மறைத்து நின்றுகொண்டார். அவர்கள் ஏற வேண்டிய திருச்சி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, வருகிறீர்களா என்பதுபோல் பார்த்தான். மாரியப்பன் போகச் சொல்லிக் கை காட்டினார். அடுத்த பஸ்ஸும் வந்து போயிற்று. அவர் நகரவில்லை.