பிரிஜித் வரும் வாசல்

ஃபினோலாவுக்கு இடது கைப் பழக்கம். அதனால் அவள் பின்னுகிற சுழியெல்லாம் இடஞ்சுழியாகத்தான் வரும். அயர்லாந்தின் டோனகால் கடற்கரையில் அந்தச் சின்ன ஊரில் இது லேசான விஷயம் இல்லை. கல்லறையைச் சுற்றுவதானாலும் வீட்டைச் சுற்றுவதானாலும் சூரியன் போகிற போக்கில், வலமாகத்தான் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் குடும்பத்துக்கு ஆகாது.

குன்றின் மேல் கிடக்கும் பழைய கல்லில் கெல்டியர் அங்கே வந்து குடியேறுவதற்கும் முன்னால் யாரோ சுழிகளைச் செதுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவற்றின் மேல் ஃபினோலாவுக்குத் தீராத கிறுக்கு. அறுவடைக்கு ஓட்ஸ் வைக்கோலில், கிறிஸ்துமஸுக்கு ஐவிக் கொடியில் என்று பருவம் தவறாமல் பின்னுவாள். ஊர் மண்டபத்தில் ஒன்றாவது தொங்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. ஆனால் மண்டபத்தில் என்ன தொங்கலாம் என்று முடிவு செய்கிறவள் அட்ராக்டா. அறுவடைச் சுழியை அவள் ஒரு பார்வை பார்த்தாள், அது கோழிக்கூட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. கிறிஸ்துமஸ் சுழிக்கு அந்தப் பார்வைகூடக் கிடைக்கவில்லை.

புனித பிரிஜித் வாசல் தேடி வந்து வாழ்த்துவாள் என்று ஊர் நம்பும் அவளுடைய திருநாள் வந்தபோது ஃபினோலா வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். முழங்கால் சேற்றில் நின்று, கத்தி படாமல் கையாலேயே பச்சைக் கோரை பிடுங்கினாள். வலமாகப் பின்னிப் பார்த்தாள், வரவில்லை. அவிழ்த்தாள், பின்னினாள், மறுபடி அவிழ்த்தாள். கடைசியில், போனால் போகட்டும் என்று கைக்கு வந்தபடியே மூன்று சுழிகளைப் பின்னி ஒன்றாக இணைத்தாள். திருநாளுக்கு முந்தின மாலை அவளும் கணவன் மேனஸும் அதை மண்டபத்து வாசல் கதவுக்கு மேலே இருந்த பெரிய கண்ணாடி ஜன்னலில், உள்பக்கமாக மாட்டி முடித்தார்கள். அட்ராக்டா உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"மறுபடியும் மாத்திச் சுத்திட்டியா? இதப் பாத்தா பிரிஜித் வந்த வழியே திரும்பிப் போயிடுவா. இறக்குப்பா மேனஸ்."

"ஏணிய இப்பதான் வண்டில ஏத்தினேன்," என்றான் மேனஸ்.

"இறக்கி எடுத்துட்டு வா. கோழிக்கூட்டுல இன்னும் இடம் இருக்கும்ல?"

ஃபினோலாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "நானே எடுத்துட்டு வர்றேன்," என்று விடுவிடுவென்று வெளியே போனாள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. வண்டியிடம் போய் ஏணியில் கை வைத்தவள், மண்டபத்துக்குள் யாரோ விளக்கைப் போட்டதும் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடியில் மூன்று சுழிகளும் பளிச்சென்று தெரிந்தன. விரலால் காற்றில் சுற்றிப் பார்த்தாள். வலஞ்சுழி. நம்பாமல் இன்னொரு முறை சுற்றினாள். வலஞ்சுழியேதான். இத்தனை நாளும் மேஜையில் பரப்பிக் குனிந்து பின்னியவள், அதன் மறுபக்கத்தைப் பார்த்ததே இல்லை. நடுத்தெருவில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள்.

ஏணி இல்லாமல் உள்ளே வந்தாள்.

"அட்ராக்டா, இன்னிக்கி பிரிஜித்தா யாரு வர்றது?"

"இது என்ன கேள்வி? வருஷா வருஷம் நான்தானே."

"எங்கேர்ந்து வருவீங்க?"

"வெளியேர்ந்துதான். கோரைக் கட்டத் தூக்கிக்கிட்டு மண்டபத்தச் சுத்தி வந்து கதவத் தட்டுவேன். உனக்குத் தெரியாதாக்கும்."

"அப்ப வெளிய நின்னு பாத்துட்டுச் சொல்லுங்க. வர்றவளுக்குத்தானே வாசல்ல மாட்டினது? உள்ள உக்காந்திருக்கிற நமக்கா?"

அதற்குள் ஊர்ச்சனம் வந்து நிறைந்துவிட்டது. இனி இறக்க நேரமும் இல்லை. அட்ராக்டா சால்வையைத் தலையில் போர்த்திக்கொண்டு, கோரைக் கட்டோடு உர்ரென்று வெளியே போனாள்.

சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது. உள்ளே இருப்பவர்கள் வரவேற்றால்தான் கதவைத் திறக்கலாம், அதுதான் வழக்கம். தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் நின்றவள் ஃபினோலா.

"பிரிஜித் வந்திருக்கேன். உள்ள விடுங்க."

எல்லோரும் வாய் திறக்கும் முன் ஃபினோலா கையை உயர்த்தித் தடுத்தாள்.

"தலைக்கு மேல சுழி எந்தப் பக்கம் சுத்துதுன்னு சொல்லிட்டு வாங்க, பிரிஜித்."

வெளியே மழை மட்டும் கேட்டது. "போச்சு, தொலைஞ்சோம்," என்று மேனஸ் முணுமுணுத்தான்.

"வலமாத்தான் சுத்துது," என்றது வெளியே இருந்த குரல். பிறகு கொஞ்சம் தணிந்து, "அழகாவும் இருக்கு. கதவத் தொறடி, நனையுறேன்."

மண்டபமே கொல்லென்று சிரித்தது. ஃபினோலா கதவை அகலத் திறந்தாள். "வாங்க, வாங்க" என்று ஊரே கூரை அதிரக் கத்தியது. அந்த வரவேற்பில் பாதி பிரிஜித்துக்கு, பாதி தனக்கு என்று அவளுக்குத் தெரிந்தது. வெட்கப்படாமல் வாங்கிக்கொண்டாள்.