ஒரு சட்டையும் ஊரார் சட்டையும்

மூன்றாவது முறையாகவும் அவள் கொடுத்த புகாரை மூடியிருந்தான் அவளுடைய கணவன். காரணம் என்ற இடத்தில் அதே வரி: 'என் போனில் இப்படி வரவில்லை.' வீட்டில் குழாய் ஒழுகினாலும் இதே பாட்டுதான். நான் திறந்தப்போ ஒழுகலையே என்பான்.

இருவருக்கும் ஒரே அலுவலகம். அவன் அரட்டைச் செயலியை எழுதுகிறவன். அவள் அதில் ஓட்டை தேடுகிறவள். சாயங்காலம் புதிய பதிப்பு லட்சக்கணக்கான போன்களுக்குப் போகிறது. அதை நிறுத்த அவனால்தான் முடியும்.

அவள் அவன் மேசைக்கே போய் நின்றாள்.

"சலவைக்கடையில ஒரு சட்டையைக் கொடுத்துட்டு, பத்து கொடுத்தேன்னு சொல்றேன். கடைக்காரர் எண்ணிப் பார்க்காம, பக்கத்துல இருக்கற ஊரார் சட்டை ஒன்பதையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தா?"

"நல்ல மனுஷன்."

"உன் செயலிதான் அந்த நல்ல மனுஷன். ஒரு எழுத்தை அனுப்பி நூறு எழுத்துன்னு பொய் சொன்னா, நம்பிட்டு, மெமரியில பக்கத்துல கிடக்கறதை அள்ளித் திருப்பி அனுப்புது. அடுத்தவங்க எழுதினது, அழிச்சது, எல்லாம்."

"எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடி. காலையில வீட்டுல பட்டது போதாதா?"

"அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

"எங்க, என் போன்லயே செஞ்சு காட்டு. அதுல ஒண்ணும் இல்லை."

அவள் தன் போனிலிருந்து அவன் போனுக்கு ஒரே ஒரு 'க' அனுப்பி, நூறு எழுத்து என்று பொய்க்கணக்குக் கொடுத்தாள். அவள் திரையில் அந்தக் 'க'வோடு ஒட்டிக்கொண்டு வந்து விழுந்தது: 'அக்கா, காலைல நான் கத்தினது தப்புதான். அவ சொன்னா சரியாத்தான் இருக்கு, அதான் எரிச்சல். அவளைச் சமாதானம் பண்ண'

அங்கே அறுந்திருந்தது.

அவன் காது சிவந்தது. "இதை அக்காவுக்கு அனுப்பவே இல்லையே. எழுதிட்டு அழிச்சுட்டேன்."

"அதைத்தானே தொண்டைத் தண்ணி வத்தச் சொல்லிட்டிருக்கேன்."

அவன் வெளியீட்டை நிறுத்தினான். தடுப்புக்கு மேலே மேனேஜரின் தலை எழுந்தது.

"யாருப்பா நிறுத்தினது?"

"நான்தான் சார். ஓட்டை இருக்கு. இவ மூணு தடவை சொன்னா, நான்தான் கேட்கலை."

தலை முணுமுணுத்துக்கொண்டே இறங்கியது. அவன் குரலைத் தாழ்த்தினான். "மீதியையும் எடுத்துடுவியா?"

"இருநூறுன்னு பொய் சொன்னா வந்துடும்." அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். "அது திருட்டு. மீதியை நீயே சொல்லு. அக்காகிட்ட இல்லை, என்கிட்ட."