மீதியைச் சொல்லும் குழி

பரணிதரனின் மாயத் தொடர்கதை அறுபத்திரண்டு அத்தியாயங்களைத் தாண்டியிருந்தது. அதற்குள் நாலு பேரரசுகள் அழிந்துவிட்டன, ஒரு கடல் வற்றிவிட்டது, கதாநாயகனுக்கு மூன்று முறை நினைவு தப்பியிருந்தது. பெரம்பலூர்க் கல்லூரி ஒன்றில் கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கிற ஒருவன், பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு போனிலேயே எழுதியது என்று பார்த்தால், சேதம் பெரிதுதான்.

கேண்டீனில் வைத்து அவன் வகுப்புத் தோழி அபிநயா அதைத் தீர்த்துக் கட்டினாள்.

“நீ பாதி சொல்லு, மீதியை நான் சொல்றேன். படிக்காமலே.”

“அவன் கண்கள்...”

“சிவந்தன.”

“வானம்...”

“இருண்டது. இடி இடிச்சுதா?”

“இடிச்சுது,” என்றான் பரணி, குரல் இறங்கி.

“ஒரு கிழவர் வந்து ‘உன் பிறப்பின் ரகசியம்’னு ஆரம்பிப்பாரே?”

“அது எட்டாவது அத்தியாயம்.”

“சொல்லி முடிக்கிறதுக்குள்ள செத்துடுவாரு.”

“ஒன்பதாவது.”

அபிநயா டீயை ஊதினாள். “எல்லாரும் எழுதினதைத்தான்டா நீயும் எழுதுற. எங்க மாமா ஊர்ல ஒரு குழி இருக்கு. என்னைவிட வேகமா மீதியைச் சொல்லும்.”

சிரித்தது பரணிதான். மறுபடி கேட்டதும் அவன்தான். உடையார்பாளையம் பக்கம், சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்துவிட்டு விட்டுப்போன குழி. அதன் ஓரம் நின்று யார் பேசினாலும், பாதி வாக்கியத்தில் அது குறுக்கே புகுந்து, பேசுகிறவன் குரலிலேயே மீதியைச் சொல்லிவிடும். மூன்று முறை அப்படி ஆகிவிட்டால் பேசினவனுக்குக் குரல் போய்விடும். இதற்கு முன் யாரும் சொல்லாத பேச்சாக இருந்தால் மட்டும் அதனால் முடிக்க முடியாது, சும்மா இருந்துவிடும்.

வேறு யாராவது இதைக் கேட்டிருந்தால் அந்தப் பக்கமே தலை வைத்துப் படுத்திருக்க மாட்டார்கள். பரணிக்கோ, தான் எழுதுவது புதுசுதான் என்று சான்றிதழ் வாங்க இதைவிடப் பொருத்தமான ஆபீஸ் தமிழ்நாட்டில் கிடையாது என்று தோன்றியது. அறுபத்து மூன்றாவது அத்தியாயத்தை பிரிண்ட் எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை அவளுடைய ஸ்கூட்டியின் பின்னால் ஏறிவிட்டான்.

ஊரில் அபிநயாவின் மாமா வீரமுத்து முந்திரித் தோப்பு வைத்திருந்தார். அவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு அவருடைய அண்ணன் ராஜதுரை உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் கட்சிக் கூட்டங்களில் மூன்று மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் பேசியவர் அவர். பரணியைப் பார்த்ததும் வாய் திறந்தார். உதடு அசைந்தது, தொண்டை ஏறி இறங்கியது, காற்று மட்டும் வந்தது. அவர் அந்தக் காற்றையே ரொம்ப நேரம் பேசினார். கையை உயர்த்தினார், விரலை ஆட்டினார், எங்கேயோ கைதட்டலுக்காக நிறுத்தவும் செய்தார்.

“பந்தயம் கட்டிட்டுப் போனாருங்க,” என்றார் வீரமுத்து. “‘அன்பார்ந்த’ன்னு ஆரம்பிச்சாரு. ‘பெரியோர்களே தாய்மார்களே’ன்னு கீழேருந்து வந்துச்சு. ஒரு நிமிசங்கூட ஆவல தம்பி. மூணும் முடிஞ்சுபோச்சு.”

பரணியின் கையிலிருந்த காகிதம் லேசாக நனைந்தது. “டாக்டர்கிட்ட காட்டினீங்களா?”

“தஞ்சாவூரு, திருச்சி எல்லாம் பாத்தாச்சு. தொண்டை நல்லாத்தான் இருக்குங்கிறாங்க.”

“போவ வேணாம்னா சொல்லு, திரும்பிடலாம்,” என்றாள் அபிநயா. முகத்தில் சிரிப்பு இல்லை. “நான் கேண்டீன்ல சும்மா சொன்னேன்.”

அப்போதே திரும்பியிருக்கலாம். ஆனால் அவள் ‘வேணாம்’ என்று சொன்ன விதத்தில் ‘நீ தோற்றுப்போவாய்’ என்று பரணிக்குக் கேட்டது. எழுதுகிறவர்களுக்கு இந்தக் காது ஒன்று தனியாக உண்டு. “வாங்க போவலாம்,” என்றான்.

உச்சி வெயில். தோப்பைத் தாண்டியதும் மண் வெளுத்தது, மரங்கள் நின்றுபோயின. எதிரே முந்திரிப் பழக் கூடையோடு வந்த இரண்டு பெண்கள் இவர்களைப் பார்க்காமலே ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டு போனார்கள்.

“எங்க வூட்டு அம்மிக்கு மீசை மொளைச்சு மூணு நாளா பள்ளிக்கொடம் போவல.”

“எங்க கூரை நேத்து என்னைப் பெத்தவளைப் பாத்து வெக்கப்பட்டு மாத்திரை போட்டுக்கிச்சு.”

இருவர் முகத்திலும் கலகலப்பில்லை. பாரம் சுமக்கிற முகம்தான் இருந்தது. “இங்க இப்படித்தான் பேசிக்கிட்டுக் கடக்கணும்,” என்று வீரமுத்து கிசுகிசுத்தார். “இன்னொண்ணு தம்பி. அது ஒருவாட்டி பதில் சொல்லிட்டா, வாயை மூடிக்கிட்டுத் திரும்பக் கூடாது. அதால முடிக்க முடியாதது ஒண்ணைச் சொல்லிட்டுத்தான் காலை எடுக்கணும். இல்லாட்டி கூடவே வந்து முடிக்கும்.”

சொல்லிவிட்டுக் குழியின் விளிம்பை நோக்கி நின்று, கணக்கு ஒப்பிக்கிற பையன் போல உரக்கச் சொன்னார்: “என் வெத்தலைப் பொட்டிக்கு நேத்து ஜுரம், ஆதார் கார்டு இல்லேன்னு ஊசி போட மாட்டேன்னுட்டாங்க!”

குழி பேசவில்லை.

பரணி எட்டிப் பார்த்தான். படிப்படியாக வெட்டிய வெள்ளைச் சுவர்கள் இறங்கி, அடியில் பச்சைத் தண்ணீராய் முடிந்தன. காற்று இல்லை. தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அவ்வளவு பெரிய பள்ளத்தில் ஒரு காக்கை சத்தம்கூட எதிரொலிக்கவில்லை என்பதை அவன் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தான்.

காகிதத்தைப் பிரித்தான். “மூன்று நிலவுகள் உதித்த அந்த இரவில், நிழல் அரசின் கடைசி இளவரசன்...”

“தான் யாரென்று அறியாமலேயே வளர்ந்தான்.”

கீழிருந்து வந்தது அவனுடைய குரல். காலையிலிருந்து அவனுக்கிருந்த ஜலதோஷம்கூட அதில் இருந்தது. பரணி காகிதத்தைப் பார்த்தான். அதே வார்த்தைகள், அதே வரிசை. அந்த வரிக்காக அவன் பதினொரு நாள் முட்டிமோதியிருந்தான்.

நாக்கு சுண்ணாம்பு தடவினதுபோல் மரத்தது. 

“ஒண்ணு,” என்றார் வீரமுத்து, வாயசைவில்.

பரணி யோசித்தான். அந்தப் பெண்கள் பேசியதுபோல, கிறுக்குத்தனமாக எதையாவது சொன்னால் போயிற்று. கற்பனை அவன் தொழில். “கத்திரிக்காய் ராஜா ஒருத்தன்...”

“பூசணிக்காய் ராணியைக் கட்டிக்கிட்டான்.”

இந்த முறை குரலில் ஒரு கொட்டாவி இருந்தது. இன்னும் கிட்டத்தில் கேட்டது, தண்ணீரிலிருந்து அல்ல, இரண்டு படி மேலேறி.

பரணி அபிநயாவைக் கூப்பிட நினைத்தான். கூப்பிட்டால் என்ன சொல்லிக் கூப்பிடுவது? ‘காப்பாத்து’ என்றால் அது ஊரெல்லாம் சொன்னது. ‘அம்மா’ என்றால் அதைவிடப் பழசு. பயத்தில் மனிதன் சொல்கிற எல்லாமே ஏற்கனவே சொன்னதுதான் என்று அந்த வெயிலில் அவனுக்கு விளங்கியது. பறக்கும் குதிரை, பேசும் வாள், கண்ணாடிக் கோட்டை என்று வாய்வரை வந்ததை ஒவ்வொன்றாக விழுங்கினான். ஒவ்வொன்றின் மீதியும் கீழே தயாராக இருப்பது தெரிந்தது. அது காத்திருந்தது. மூக்கடைத்த அவன் மூச்சையே அது விட்டுக்கொண்டிருந்தது.

அபிநயா அழ ஆரம்பித்திருந்தாள். சத்தமில்லாமல், வாயைப் பொத்திக்கொண்டு.

அவன் மண்டையில் கதை எதுவும் மிச்சமில்லை. அந்தக் காலி இடத்தில், யாரிடமும் சொல்லாத ஒன்று, தேவையே இல்லாத ஒன்று, வந்து நின்றது. யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

“பத்தாவது படிக்கையில எங்க டியூஷன் சார் வண்டி டயர்லேருந்து காத்தைப் பிடுங்கிட்டேன். பாவமாப் போச்சு. திருப்பிக் குடுத்துடலாம்னு அந்தக் காத்தை ஒரு பிளாஸ்டிக் கவர்ல புடிச்சுக் கட்டி, நாலு நாள் பீரோவுல, எங்கம்மா பட்டுப்பொடவைக்கு அடியில வச்சிருந்தேன்.”

சொல்லி முடித்தான். தானே முடித்தான்.

குழியிலிருந்து ஒன்றும் வரவில்லை. நாக்கின் மரமரப்பு மெல்ல விட்டது. வீரமுத்து அவன் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அபிநயா தோப்போரம் நிறுத்தியிருந்த ஸ்கூட்டி பக்கம் ஓடினாள். பத்தடி நடந்திருப்பார்கள்.

“அப்புறம்?”

வீரமுத்துவின் கை அவன் தோளிலிருந்து நழுவியது. “இது... இப்படி அது கேட்டதே இல்லைங்க,” என்றார். நாற்பது வருஷம் அந்த ஓரத்தில் நடந்த மனிதர், பரணியையும் மருமகளையும் விட்டுவிட்டுத் தோப்பைப் பார்த்து ஓடினார்.

“அப்புறம்?” அது விளிம்புக்கு ஏறியிருந்தது. குரலில் கொட்டாவி இல்லை. வாழ்நாளெல்லாம் பட்டினி கிடந்தவன் முதல் கவளத்தை விழுங்கிவிட்டு இலையைப் பார்ப்பது போன்ற குரல்.

“அஞ்சாம் நாள்,” என்றான் பரணி, பின்பக்கமாகவே நடந்துகொண்டு, “கவரைத் திறந்து பாத்தா காத்து கம்மியா இருந்துச்சு. நானே வாயால ஊதி நெரப்பினேன். அதுல என் மூச்சு கலந்துடுச்சேன்னு ராத்திரி தூக்கம் வரல.”

“அப்புறம்?”

“சார்கிட்ட போனேன். அவரு டயரை மாத்திட்டாரு.”

“அப்புறம்?”

நடந்ததே அவ்வளவுதான். இனிமேல் இட்டுக்கட்ட வேண்டும். இட்டுக்கட்டினால் அதற்கு மீதி தெரிந்துவிடும். பரணி தன் இருபது வயதையும் தலைகீழாகக் கவிழ்த்து உதறினான், எவனும் சொல்லாத எதாவது ஒன்று உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று.

“அபி, வண்டிய எடு,” என்று சொல்ல வாயெடுத்தான். கடித்துக்கொண்டான். அவள் சொல்லாமலே எடுத்திருந்தாள். அவன் பின்னால் ஏறினான்.

“எங்கப்பா செருப்பை,” என்று ஆரம்பித்தான், “நான் ஒருநாள் ஃபிரிட்ஜுல வச்சேன். ஏன்னா அதுக்கு வேர்த்திருந்துச்சு.”

வண்டி மண்பாதையில் குலுங்கியது. தார் ரோடு கண்ணுக்குத் தெரிந்தது. சிமெண்ட் லாரி ஒன்று தூசியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. அந்த இரைச்சலில் எல்லாம் அடங்கிவிட்டதுபோல் இருந்தது. அபிநயா கண்ணாடியில் அவனைப் பார்த்து லேசாகத் தலையாட்டினாள்.

அப்போது பின்சக்கரம், இன்னொரு ஆள் ஏறி உட்கார்ந்தாற்போல், ஒரு விரற்கடை அமுங்கியது. அவன் பிடரியில் ஈரச் சுண்ணாம்பு வாசம் அடித்தது.

“அப்புறம்?”

பெரம்பலூருக்கு இன்னும் ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாது. பரணிதரன் முன்னால் பார்த்தபடியே வாயைத் திறந்தான்.