என்னாச்சு அக்கா

ஏணியின் மேல்படியில் நின்றுகொண்டு, ஹார்ன் ஸ்பீக்கரைக் கேட் தூணோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார் மைக் அண்ணன். நேற்றுச் சாயங்காலம் கண்ணை மூடிய தங்கை, உள்ளே முன்னறையில் பெட்டிக்குள் கிடக்கிறாள். வந்தவர்கள் உட்கார நாற்காலி போதவில்லை. கல்லறைக்குப் போகிற வண்டிக்கு இன்னும் யாரும் போன் போடவில்லை. மனிதர் என்னவோ ஏணியில். மனைவி இரண்டு தடவை வாசல்வரை வந்து பார்த்துவிட்டுப் போனாள். அடுத்த தடவை வாயைத் திறந்துவிட்டாள்.

“என்னங்க, இன்னைக்குமா இது?”

“இன்னைக்குத்தான் வேணும். இத்தனை ஜனம் நம்ம வாசலுக்கு வேற எப்போ வரப்போகுது?”

அவள் உள்ளே திரும்பினாள். இருபத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு, எங்கே பேச்சை நிறுத்தவேண்டும் என்று தெரியும். கைக்கு வேலை இல்லாவிட்டால் அந்த மனுஷனுக்கு இன்று பைத்தியமே பிடித்துவிடும் என்பதும் தெரியும். ராத்திரி முழுக்க ஒயரை எடுப்பதும் சுற்றுவதும், சுற்றியதைப் பிரிப்பதுமாக இருந்தார். ஒரு இடத்தில் கால் தரிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து எதிர்க்கடை மெஷின்காரர் தெருவைக் கடந்து வந்து ஏணிக்குக் கீழே நின்றார். தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவர். ஹார்ன் எந்தக் காலத்திலும் அவர் கடையைப் பார்த்துத்தான் கட்டப்படும். அதற்காக ஒரு தடவை போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போய் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றது.

“சார், இன்னைக்கு ஸ்பீக்கர் வேணாமே.”

மைக் அண்ணனுக்குச் சுருக்கென்றது. “சாவு வீட்டுல வந்துமா இந்த வம்பு?” என்றார் மேலே இருந்தபடியே.

மெஷின்காரர் ஏதோ சொல்லவந்தவர், அதை மென்று முழுங்கிவிட்டுத் திரும்பிப் போனார். மைக் அண்ணன் கயிற்றில் இன்னும் ஒரு முடிச்சு கூடுதலாகப் போட்டார். கோபத்தில் போட்டது என்றால் அவருக்கே நிம்மதியாக இருந்திருக்கும். கோபம் இல்லை அது, பயம். இந்த ஒரு ஆளின் முகத்தைப் பார்க்கத்தான் அவர் நேற்றிலிருந்து பயந்துகொண்டிருந்தார்.

சபையில் ஊழியக்குழுவுக்குத் தலைவர் மைக் அண்ணன்தான். சொந்தமாக ஆம்ப்ளிபயர், சொந்தமாக ஹார்ன், வாரக் கடைசியில் வேனை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். “அன்பான ஜனங்களே, கேளுங்கள்” என்று ஆரம்பித்தாரானால், கேட்கப் பிரியப்பட்டவர்கள், படாதவர்கள், தூங்குகிறவர்கள், பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் எல்லாரும் கேட்டுத்தான் ஆகவேண்டும். மனதில் கள்ளம் கிடையாது. ஒரு ஆத்துமாவாவது கேட்டு மனம் திரும்பாதா என்று உண்மையாகவே ஏங்குகிறவர். துண்டுப்பிரதியை நீட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். வாங்கிய கைக்குப் பின்னால் இருந்தது யார் முகம் என்று பார்க்க அவருக்கு நேரம் இருந்ததில்லை.

தங்கை அப்படி இல்லை. வெளிநாட்டில் முதியோர் இல்லம் ஒன்றில் படுக்கை மாற்றுகிற வேலையில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவள். அந்த நாட்டில் சபைக்குப் பெயர்ப்பலகை கிடையாது, மணி கிடையாது. வெளியே வாயைத் திறந்து பிரசங்கம் பண்ணினால் வேலையும் போகும், ஆளும் விமானம் ஏறவேண்டியதுதான். அப்படிப்பட்ட இடத்தில் விசுவாசிகள் பெருகிக்கொண்டே இருக்கிறார்களாம் என்று கேள்விப்பட்ட பாஸ்டர், அவள் வந்த புதிதில் அவளைச் சபையில் எழுப்பி நிறுத்தினார். அங்கே எப்படி ஊழியம் செய்கிறார்கள், நம் சபைக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுங்கள் சிஸ்டர் என்றார். ஜெயில், போலீஸ், ரகசியக் கூட்டம் என்று எதையெதையோ எதிர்பார்த்து எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

“பக்கத்துல இருக்கிறவங்க பேரு கேப்போம். என்ன கஷ்டம்னு கேப்போம். வீட்டுக்கு வந்து அதுக்காக ஜெபம் பண்ணுவோம். கொஞ்ச நாள் கழிச்சுப் போயி, அன்னைக்குச் சொன்னீங்களே, அது என்னாச்சுன்னு கேப்போம். அவ்வளவுதான்.”

“சரிம்மா, சுவிசேஷம் எப்போ சொல்லுவீங்க?”

“நீங்க ஏன் இதெல்லாம் கேக்குறீங்கன்னு அவங்க நம்மள ஒரு நாள் கேப்பாங்க. அப்போ சொல்லுவோம்.”

“கேக்கலேன்னா?”

“திரும்பப் போய் நாம கேப்போம்.”

சபைக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இந்தக் கணக்கில் போனால் அதற்குள் ஆண்டவருடைய இரண்டாம் வருகையே வந்துவிடுமே என்று பொருளாளர் சொல்ல, சிரிப்பு எழுந்தது. அதில் பெரிய சிரிப்பு அண்ணனுடையது. தங்கையும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அதன்பிறகு வேனில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். காய்கறி வாங்கப் போனால் போனதுதான். பஸ் ஸ்டாப்பில், மருந்துக்கடையில், குழாயடியில் என்று எங்கேயாவது நின்று யாரிடமாவது “அது என்னாச்சு” என்று கேட்டுக்கொண்டிருப்பாள். தெருவில் அவளுக்கு என்னாச்சு அக்கா என்று பெயரே விழுந்துவிட்டது. ஊர் வம்புக்குள் மூக்கை நுழைப்பதே பிழைப்பாகிவிட்டது என்று அண்ணன் கடிந்துகொள்வார். வெளிநாடு போய் வந்ததில் அவளுக்கு விசுவாசம் ஆறிப்போய்விட்டது என்று சபையிலும் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் அவர் ஒயரைச் சுற்றுகிற சாக்கில் வெளியே போய்விடுவார். இல்லை என்று எழுந்து நின்று சொல்ல அவரிடம் ஆதாரம் எதுவும் இல்லை.

வயிற்றில் கட்டி என்று படுத்தவள் அப்புறம் எழுந்திருக்கவில்லை. நேற்று மத்தியானம் அண்ணனைப் பக்கத்தில் கூப்பிட்டாள். குரல் உள்ளே போயிருந்தது. அவர் குனிந்து காதை வைக்கவேண்டியிருந்தது.

“அண்ணா, எதிர்க்கடைக்காரர் பேத்தி விஷயம் என்னாச்சுன்னு தெரியல. போய்க் கேட்டுட்டு வர்றியா?”

போகும் நேரத்தில் இதுவா கேட்கவேண்டிய கேள்வி என்றிருந்தது அவருக்கு. இருந்தாலும் எழுந்தார். வாசல்வரை போனார். எதிரே மெஷின்காரர் எதையோ திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்த ஆளிடம் போய், உங்கள் பேத்தி எப்படி இருக்கிறாள் என்று எந்த முகத்தோடு கேட்பது? அந்த ஆளுக்குப் பேத்தி இருக்கிறாள் என்பதே இவருக்கு இப்போதுதான் தெரியும். அடுக்களைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். இவ்வளவு நேரம் போதும் என்று தோன்றியதும் திரும்பி வந்தார்.

“கேட்டேன்மா. நல்லா இருக்காளாம்.”

தங்கை அவரை ஒரு கணம் பார்த்தாள். நம்பினாளா, கண்டுபிடித்துவிட்டாளா, அவருக்குத் தெரியாது. “ஸ்தோத்திரம்” என்று உதட்டை அசைத்தாள். அதன்பிறகு அவள் பேசவேயில்லை. சாயங்காலம் மூச்சு அடங்கியது.

ஆக, தங்கை காதில் கடைசியாகப் போட்டது ஒரு பொய். ராத்திரியெல்லாம் ஒயரைச் சுற்றிப் பிரித்தபோது அவர் மனதுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது இதுதான். ஒருவேளை பேத்தி நிஜமாகவே நன்றாக இருந்தால் அது பொய் இல்லை. இல்லாவிட்டால்? பத்தடி தூரத்தில் பதில் இருக்கிறது. போய்க் கேட்கத்தான் துப்பில்லை.

பாஸ்டர் வந்து பாட்டு ஆரம்பித்தது. ஜனம் வரிசையாகப் பெட்டியைச் சுற்றி வந்தது. சபை ஆட்கள் பூவை வைத்துவிட்டு நகர்ந்தார்கள். மற்றவர்கள் அப்படி நகரவில்லை. மருந்துக்கடையில் நிற்கிற பெண் பெட்டிக்குள் குனிந்து, “அப்பா குடியை விட்டுட்டாருக்கா, ரெண்டு மாசம் ஆச்சு” என்றாள், தெரிந்தவர் வீட்டில் பேசுகிற குரலில். பால் போடுகிறவர், கேஸ் தோற்றுப்போய்விட்டது, ஆனாலும் தம்பி இப்போது பேசுகிறான் என்றார். இன்னொருத்தி, “ஒண்ணும் ஆகலக்கா, அப்படியேதான் இருக்கு” என்று சொல்லி அழுதாள். ஒவ்வொருவராக வந்து பதில் சொல்லிவிட்டுப் போனார்கள். பெட்டியின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்த அண்ணனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவரை யாருக்கும் தெரியாது, அவர் குரலைத்தான் தெரியும்.

மெஷின்காரரும் வந்தார். கிரீஸ் கறை போகத் தேய்த்துக் கழுவிய கையைப் பெட்டி விளிம்பில் வைத்து, மற்றவர்களைவிட அதிகமாகக் குனிந்து ஏதோ சொன்னார். ஒரு வார்த்தைகூட மைக் அண்ணனுக்கு எட்டவில்லை. கழுத்தை நீட்டிப் பார்த்தார். அதற்குள் மெஷின்காரர் நிமிர்ந்து, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியேறித் தெருவைக் கடந்துவிட்டார்.

குடும்பத்தின் சார்பில் அண்ணன் பேசுவார் என்று பாஸ்டர் மைக்கை நீட்டினார். வாங்கினார். மைக் கைக்கு வந்தால் வார்த்தை தானாக வரும், அது அவருடைய இத்தனை வருஷத்துப் பழக்கம்.

“அன்பான ஜனங்களே, கேளுங்கள்...”

வாசலில் ஹார்ன் அதைத் தெரு முழுக்க இறைத்தது. அடுத்த வார்த்தை வரவில்லை. யாரைக் கேட்கச் சொல்கிறோம், நாம் யாரிடம் எதைக் கேட்டோம் என்று ஒரு நினைப்பு குறுக்கே விழுந்துவிட்டது. ஸ்பீக்கர் மட்டும் கொஞ்ச நேரம் இரைந்துகொண்டிருந்தது. துக்கத்தில் பேச முடியவில்லை என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். மனைவி வந்து மைக்கை வாங்கி அணைத்தாள். பாஸ்டர் ஜெபம் பண்ணி முடித்தார்.

கல்லறையில் மண்ணைத் தள்ளும்போதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. குழி மூடுவதற்கு முன்னால் சொல்லியாகவேண்டிய ஒன்று பாக்கி இருப்பதுபோல வாட்சைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். மூடியே விட்டார்கள். வீட்டுக்குத் திரும்பி வண்டியிலிருந்து இறங்கியவர், கால் கழுவக்கூட உள்ளே போகவில்லை. “எங்கே போறீங்க?” என்று மனைவி கேட்டது காதில் விழுந்தும் விழாததுபோலத் தெருவைக் கடந்தார்.

கடைக்குள் மெஷின்காரர் ஒரு பழைய மெஷினைக் கவிழ்த்துப்போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மூலையில் பாயில் சின்னப் பெண் ஒருத்தி காலியான நூல்கண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். காதுக்குப் பின்னால் தலைமுடியை ஒட்டி வட்டமாக என்னவோ பொருத்தியிருந்தது. மெஷின்காரர் நிமிர்ந்து பார்த்தார். உட்காரச் சொல்லவில்லை.

“பேத்திக்கு...” என்று ஆரம்பித்து, மைக் அண்ணன் பாயைப் பார்த்தார். “பேத்தி விஷயம் என்னாச்சு?”

மெஷின்காரர் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். “இத்தனை வருஷமா எதிர்த்தாப்புல இருக்கீங்க. ஒரு வார்த்தை கேட்டதில்ல. இன்னைக்கு ஏன் சார் கேக்குறீங்க?”

கேட்டுவிட்டார். தங்கை சபையில் நின்று சொன்ன அதே கேள்வி. இதற்குப் பதில் மைக் அண்ணனுக்கு மனப்பாடம், தூக்கத்தில் எழுப்பினாலும் வசனம் மாறாமல் சொல்வார். வாயைத் திறந்தார். வந்தது வேறு.

“நேத்து அவ சாகக் கெடக்கும்போது உங்ககிட்ட இதைக் கேட்டுட்டு வரச் சொன்னா. நான் வரல. வராமலே, நல்லா இருக்காளாம்னு பொய் சொல்லிட்டேன். அதைக் கேட்டுட்டுத்தான் போனா.” அவர் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை. “அது பொய்யா இல்லியான்னு எனக்குத் தெரியணும்.”

மெஷின்காரர் பேத்தியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு காலால் ஒரு ஸ்டூலைத் தள்ளிவிட்டார்.

“பொறந்ததுல இருந்து அவளுக்குக் காது கேக்காது சார். இந்தத் தெருவுல உங்க ஸ்பீக்கர் தொந்தரவு இல்லாத ஒரே ஆள் இவதான்.” சொல்லிவிட்டு அவரே லேசாகச் சிரித்தார். “ஆபரேஷன் பண்ணினது உங்க தங்கச்சிக்குத் தெரியும். காது மெஷினை முந்தாநாள்தான் ஆன் பண்ணினாங்க. அதைத்தான் காலையில பெட்டிகிட்டக் குனிஞ்சு சொல்லிட்டு வந்தேன். மெதுவா, சின்னச் சின்னச் சத்தமாப் பழக்கணுமாம். எடுத்தவுடனே பெருசாக் கேட்டா பயந்துடுவாளாம். அதுக்குத்தான் ஸ்பீக்கர் வேணாம்னு வந்தேன்.”

மைக் அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“இப்போ கேக்குதா அவளுக்கு?”

“அதுதான் தெரியல. காலையில உங்க ஸ்பீக்கர்ல ஒரு வார்த்தை வந்துச்சே, கேளுங்கள்னு. அப்போ திரும்பிப் பார்த்தா. சத்தத்துக்குத் திரும்பினாளா, நான் துள்ளினதப் பார்த்துத் திரும்பினாளான்னு சொல்ல முடியல. டாக்டரும் இப்போ ஒண்ணும் சொல்லமாட்டேன்றார். நீங்க சொன்னதைப் பொய்னும் சொல்ல முடியாது சார். நிஜம்னும் சொல்ல முடியாது.”

அந்தப் பெண் அடுக்கிய நூல்கண்டு சரிந்து உருண்டது. மைக் அண்ணன் குனிந்து ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டாள்.

“பேரு என்ன?” என்றார். மெஷின்காரர் சொன்னார். மைக் அண்ணன் அதை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அடுத்து எப்போது டாக்டரிடம் போகிறார்கள் என்று விசாரித்தார். வெள்ளிக்கிழமை என்றார் அவர்.

“அப்போ வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து கேக்குறேன்.”

“வாங்க,” என்றார் மெஷின்காரர்.

வீட்டு வாசலில் ஏணி காலையில் சாய்த்த இடத்திலேயே இருந்தது. மைக் அண்ணன் ஏறினார். காலையில் கூடுதலாகப் போட்ட முடிச்சு அவிழ மறுத்தது. மனைவி கீழே வந்து, அரிவாள்மனையைத் தரட்டுமா, அறுத்துப்போட்டுவிடலாமே என்றாள். அறுத்தால் ஹார்ன் கேட்டில் விழுந்து சத்தம் போடும் என்றார் அவர். நகத்தாலேயே நிமிண்டி அவிழ்த்து, தூணில் உரசாமல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கினார்.