சின்னதுரை வீட்டு ஆள்

1987 செப்டம்பர் 17, வியாழக்கிழமை, தனி இட ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்களில் ஒரு வாரச் சாலை மறியல் தொடங்கியது. உளுந்தூர்பேட்டைப் பக்கம் சென்னை–திருச்சி சாலையில் புளியமரங்கள் குறுக்கே கிடந்தன.

களமருதூரை அடுத்த சிற்றூரில் கண்ணாயிரத்துக்கு அந்த வாரம் கை நிறைய வேலை. வேலை செய்தே ஆகவேண்டிய அவசியம் அவருக்கு மூன்று வருடமாக இல்லை. மகன் அன்புச்செல்வன் பட்டாளத்தில் இருந்தான். லீவில் வந்தபோது நிலத்தைத் தங்கதுரைக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, "இனிமே நீ ஏரு புடிக்கக்கூடாதுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

முதல் போகம் முழுக்கக் கண்ணாயிரம் வரப்பில் நின்று தங்கதுரைக்கு யோசனை சொன்னார். மடையை இப்படித் திருப்பு, நாற்றை அப்படிப் பிடி. ஒருநாள் தங்கதுரை மண்வெட்டியை அவர் காலடியில் வைத்தான். "நீங்களே பாத்துக்குங்கண்ணே. நான் வூட்டுக்குப் போயி படுக்கறேன்." அதற்குப் பிறகு அவர் வயல் பக்கம் போகவில்லை. பகலில் தூங்கினார். தூக்கம் கலைந்தால் மனைவி கமலா அரிசி களைவதில் குற்றம் கண்டார்.

அறுவடை மும்முரத்தில் பக்கத்து வீட்டுக்காரன் ஒருவனால் ரிஷிவந்தியத்தில் நடந்த கருமாதிக்குப் போகமுடியவில்லை. அவனுக்குப் பதிலாகக் கண்ணாயிரம் போய்வந்தார். அதோடு அவருக்கு வழி பிறந்தது. கல்யாணம், காதுகுத்து, மண்ணெண்ணெய் வரிசை, தாலுகா ஆபீஸ் என்று யாருக்கு எங்கே போக நேரமில்லையோ அங்கே அவர் போனார். நீலம் போட்ட வேட்டியும் மஞ்சள் பையுமாகக் காலையிலேயே தயாராக நிற்பார்.

"ஊருக்கெல்லாம் நீயே போய்க்கினு இரு" என்பாள் கமலா. "நான் செத்தா யார அனுப்புவ?"

"அதுக்கு நானே வருவேன்."

"பாக்கலாம். அன்னிக்கும் எவனாச்சும் கூப்புடுவான்."

இந்த வேலையில் அவருக்கு ஒரு நெறி இருந்தது. தன் பெயரைச் சொல்லமாட்டார். மொய் எழுதுகிறவன் பெயர் கேட்டால், அனுப்பியவன் பெயர், அவன் தகப்பன் பெயர், ஊர், மூன்றையும் வரிசையாகச் சொல்வார். சாவு வீட்டிலும் அப்படித்தான். தன் பெயரைச் சொல்லிவிட்டால் அனுப்பிய வீடு வராத வீடாகிவிடும் என்பது அவர் நினைப்பு.

மறியலுக்கு வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்தார்கள். முதல் நாள் மேலத்தெரு, கடைசியாகக் கீழத்தெரு. வராத வீட்டின் நல்லது கெட்டதுக்கு ஊர் போகாது. கண்ணாயிரம் முதல் நாளே தன் வீட்டுக்காகப் போய் வெயிலில் உட்கார்ந்துவிட்டு வந்தார். சனிக்கிழமை பங்காளி சின்னதுரை வீட்டு முறை. மாடு உதைத்துச் சின்னதுரையின் கால் ஒடிந்து கட்டுப் போட்டிருந்தது. "கால் ஒடஞ்சவன வுட்டுடுவோம், பையன் வரட்டும்" என்று சொல்லிவிட்டார் பெரியவர் அரங்கநாதன்.

பையன் சுபாஷ் போலீஸுக்குத் தேர்வாகியிருந்தான். ஓட்டம், கயிறு, மருத்துவச் சோதனை எல்லாம் முடிந்தன. ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து விசாரிப்பது ஒன்றுதான் பாக்கி. வயது வரம்புக்கு இதுதான் அவனுக்குக் கடைசித் தடவை.

"அண்ணே, அவன் அங்க போயி ஒரு கல்லு கிட்ட நின்னாகூடப் போச்சு" என்றார் சின்னதுரை.

"அவன் எதுக்குப் போறான்? நான் எதுக்கு இருக்கேன்?"

"உனக்கு இன்னா வேணும்னாலும் செய்யறேன் பெரிப்பா" என்றான் சுபாஷ்.

"முதல் சம்பளத்துல ஒரு குடை வாங்கிக் குடு. போதும்."

அன்று மதியம் போலீஸ் வந்தது. கலையச் சொன்னார்கள், பிறகு அடித்தார்கள். கண்ணாயிரத்துக்கு முதுகில் ஒன்று, காதோரம் ஒன்று. லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள். காதில் குய்யென்று சத்தம் நிற்கவில்லை. வாசலில் மேசை போட்டு ஒரு போலீஸ்காரர் பெயர் எழுதினார். வரிசையில் பின்னால் நின்ற அரங்கநாதன் கண்ணாயிரத்தின் தோளைத் தொட்டார்.

"நீ மொத நாளே வந்தியே. இன்னிக்கி யார் வூட்டுக்கு?"

"சின்னதுரை வூட்டுக்கு. சுபாஷுக்குப் பதிலா."

"சரி சரி."

மேசை வந்தது. "பேரு" என்றார் போலீஸ்காரர், தலை நிமிராமல்.

"சுபாஷ்."

"அப்பா பேரு?"

"சின்னதுரை." ஊரையும் அவரே சொன்னார். வயதைக் கேட்கவில்லை. எல்லாருக்கும் ஒரே வயதாக எழுதிக்கொண்டுபோனார்கள். காட்டிய இடத்தில் கண்ணாயிரம் கைநாட்டு வைத்தார்.

பொழுது சாயும்போது விட்டுவிட்டார்கள். அவர் நேராகச் சின்னதுரை வீட்டுக்குப் போனார்.

"உன் வூட்டு மானத்தக் காப்பாத்திட்டேன். அரங்கநாதன் கண்ணால பாத்துட்டான்."

சுபாஷ் தண்ணீர்ச் செம்போடு வந்தான். "அடிச்சிருக்கானுங்க பெரிப்பா. காதுல ரத்தம்."

"அது கெடக்குது. பேரெல்லாம் வெவரமா எழுதிக்கினான். சுபாஷ், தகப்பன் சின்னதுரைன்னு ஒண்ணு வுடாம சொன்னேன்."

செம்பு அவன் கையிலேயே இருந்தது.

"போலீஸ்லயா?"

"ஆமா."

"என் பேரயா குடுத்த?"

"பின்ன? உன் வூட்டுக்குத்தான போனேன்" என்றவர், சொல்லி முடிக்கும்போதே வாயை மூடிக்கொண்டார். சின்னதுரை கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

மறியல் முடிந்து பஸ் ஓடத் தொடங்கியதும் கண்ணாயிரம் ஸ்டேஷனுக்குப் போனார். மண்டபத்தில் பெயர் எழுதிய எல்லார் மேலும் மரம் வெட்டியது, பஸ்ஸை உடைத்தது என்று வழக்குப் பதிவாகியிருந்தது.

"அது நானுங்க ஐயா. அந்தப் பையன் வூட்ட வுட்டு வெளிய வரல. என் பேர எழுதிக்குங்க."

"அப்ப பொய்ப் பேரு குடுத்திருக்க" என்றார் ரைட்டர். "அதுக்கு ஒரு கேசு. அனுப்பனதுக்கு அவன் மேல ஒண்ணு. போடட்டுமா?"

"என் மேல எத்தன வேணும்னாலும் போடுங்க. அவன வுட்டுடுங்க."

"பேப்பர் கோர்ட்டுக்குப் போயிடுச்சு பெரியவரே. அங்க சொல்லு."

அரங்கநாதனிடம் சாட்சி கேட்டார். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "ஊரே உள்ள போயிட்டு வந்திருக்குது. ஒருத்தன மட்டும் அங்க இல்லன்னு நான் சாட்சி சொன்னா, நாளைக்கி அத்தன பேரும் வந்து நிப்பான். ஒண்ணு செய்யலாம், வக்கீலு வெக்கறோம். எல்லாருக்கும் சேத்து."

"கேசு முடியறதுக்குள்ள அவன் வயசு போயிடும்."

"எல்லாருக்குந்தான் போவுது."

கார்த்திகையில் விசாரணைக்கு ஆள் வந்தது. சுபாஷின் மேல் வழக்கு இருப்பதாக எழுதிக்கொண்டுபோனார்கள். தேர்வு ரத்தான தகவல் பொங்கலுக்கு முன்பே வந்தது. சுபாஷ் உளுந்தூர்பேட்டையில் ஒரு லாரியில் கிளீனராகச் சேர்ந்தான். கண்ணாயிரத்தை யாரும் எங்கும் போகச் சொல்லிக் கேட்கவில்லை. தை முகூர்த்தங்களுக்கு அவரவரே போனார்கள்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் சுபாஷ் லாரியை விட்டு இறங்கி வந்து, பெயர் கூப்பிடும்போது கூண்டருகே நிற்பான். கண்ணாயிரமும் போவார். வக்கீல் அவரை வாயைத் திறக்கவேண்டாம் என்று சொல்லியிருந்ததால் வராந்தாவின் மறுகோடியில் உட்கார்ந்திருப்பார். சுபாஷ் அந்தப் பக்கம் திரும்பமாட்டான். மாசியில் நீதிபதி லீவு. வழக்கைப் பங்குனிக்குத் தள்ளிவைத்தார்கள்.