மேல் பக்கம் எது

பென் டிரைவின் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. செத்திருந்தால் செத்தது என்று விட்டுவிடலாம். இது கண்ணை விழித்து வைத்துக்கொண்டு, கூப்பிட்டால் ஏன் என்று கேட்காமல் உட்கார்ந்திருந்தது. இந்தக் கருவியை அடையாளம் காண முடியவில்லை என்று திரையின் மூலையில் ஒரு கட்டம் எட்டிப் பார்த்துவிட்டு, பதில் சொல்வதற்குள் மறைந்தது.

ஒரு மருந்துக்கடைக்கான அலமாரிகள் மொத்தமும் அதற்குள் இருந்தன. எந்தப் பலகையை எங்கே வெட்டுவது, எந்த ஓரத்தில் துளை போடுவது என்று இரண்டு வாரம் உட்கார்ந்து போட்ட வரைபடம். மரப்பட்டறையின் வெட்டும் இயந்திரம் பென் டிரைவைத் தவிர வேறு எதையும் வாயில் வாங்காது. மதியம் இரண்டு மணிக்கு அதை அவளுக்காகக் காலியாக வைப்பதாகப் பட்டறைக்காரர் சொல்லியிருந்தார். வழக்கமாக வரைந்து தருகிறவரை விட்டுவிட்டு, முதல்முறையாக இவளிடம் கொடுத்துப் பார்க்கிறார். "இது சரியா வந்துச்சுன்னா இனிமே எல்லாம் உனக்குத்தாம்மா" என்றிருந்தார். வராவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

கம்ப்யூட்டரில் நகல் கிடையாது. போன வருடம் அவள் கணவன், "ரொம்ப மெதுவா ஓடுது, சுத்தம் பண்ணித் தர்றேன்" என்று உட்கார்ந்து, அவளுடைய வரைபடங்களையும் சேர்த்துச் சுத்தம் செய்துவிட்டான். அன்றிலிருந்து அவள் அந்தக் கம்ப்யூட்டரை நம்புவதில்லை. பென் டிரைவிலேயே திறப்பாள், பென் டிரைவிலேயே சேமிப்பாள், பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொள்வாள். நேற்று மத்தியானம் வேலையை முடித்த நிம்மதியில்தான் மேசைமேலேயே விட்டுவிட்டாள்.

அலுவலகத்தில் இருந்த கணவனுக்குப் போன் போட்டாள்.

"வெளிய எடுத்துட்டுத் திரும்பச் சொருகினியா?"

"சொருகிச் சொருகிக் கை வலிக்குதுங்க."

"ரீஸ்டார்ட்?"

"ஆச்சு."

"பின்பக்கத்து ஓட்டையில போட்டுப் பாரேன்."

"மேசைக்கு அடியில பூந்து அதையும் பாத்துட்டேன். தலையெல்லாம் ஒட்டடை. உங்க பாட்டு பென் டிரைவைப் போட்டா மட்டும் உடனே திறந்து பாடுது."

"அப்ப ஒண்ணு பண்ணு. அந்த டிரைவர் சாஃப்ட்வேரை அழிச்சிட்டு…"

"உங்க வாயில அழிக்கறதைத் தவிர வேற வார்த்தையே வராதா?"

"சரி, லைன்லயே இரு" என்றான். போனை ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

மாமனார் எட்டிப் பார்த்தார். கிடங்கில் சரக்குப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பெட்டிகளைத் தலைகீழாக அடுக்கியவர்களோடு வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டவர். வீட்டிலும் அந்தப் பழக்கம் விடவில்லை. ரிமோட்டில் பேட்டரி போடும் பக்கம், தண்ணீர்க் குழாய் திருகும் திசை, சாவியின் மேல் பக்கம் என்று எல்லாவற்றிலும் ஒரு சிவப்பு அம்பு வரைந்து வைத்திருந்தார். கிடங்கில் பெயின்ட் இருந்தது. வீட்டில் மருமகளின் நெயில் பாலிஷ் இருந்தது.

"என்னம்மா, இன்னும் திறக்கலையா? கொஞ்ச நேரம் ஆறப்போட்டுப் பாரேன். சூடாகியிருக்கும்."

"இது என்ன இஸ்திரிப்பெட்டியா மாமா?"

அவர் அங்கிருந்து நகரவில்லை.

வாய்க்குள் தூசி இருக்குமோ என்று அவள் பென் டிரைவைப் பிடுங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். உலோக வாயின்மேல் ஒரு சிவப்பு அம்பு. காலையிலிருந்து எத்தனையோ முறை கையில் எடுத்தும் அது கண்ணில் படவேயில்லை. அம்பு இல்லாத பொருள் இருந்தால்தானே இந்த வீட்டில் கண்ணில் படும். அம்பின் இரண்டு பக்கமும் இருந்த சின்னச் சதுரத் துளைகள் வழியாகச் சாயம் உள்ளே இறங்கியிருந்தது. முன்பக்கமாக உள்ளே பார்த்தாள். நான்கு பொன்னிறத் தகடுகளில் நடுவில் இருந்த இரண்டும் சிவப்பாகப் பளபளத்தன. ஓரத் தகடுகள் மின்சாரம் வாங்கும், விளக்கு எரியும். பேச்சு நடக்க வேண்டியது நடுவில் இருப்பவை வழியாகத்தான். அங்கேதான் சாயம் உறைந்திருந்தது.

"மாமா."

"நேத்து சாயங்காலம் வரைஞ்சேம்மா" என்றார், தானாகவே. "ஒவ்வொரு தடவையும் திருப்பித் திருப்பிச் சொருகிட்டுத் திட்டிக்கிட்டே இருக்கியே. பாவமா இருந்துச்சு."

காலையிலிருந்து சேர்த்து வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வரத் தயாராக நின்றது. போனிலிருந்து கணவனின் குரல், "என்ன, அப்பா வரைஞ்சாரா?" என்றது. மாமனார் போனைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"நெயில் பாலிஷ் ரிமூவர் எங்க மாமா?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் ஓடிப்போய் எடுத்து வந்தார். அதன் மூடியிலும் ஓர் அம்பு இருந்தது.

பல் குத்தும் குச்சியின் நுனியில் துளிப் பஞ்சைச் சுற்றி, ஈரம் பட்டும் படாமலும் நனைத்துத் துடைத்தாள். அதிகம் பட்டால் பிளாஸ்டிக் இளகிவிடும். பஞ்சு சிவந்தது. புதுப் பஞ்சு சுற்றி மறுபடி துடைத்தாள். ஊதிக் காயவைத்துச் சொருகினாள்.

இந்த முறை கம்ப்யூட்டர் வாயைத் திறந்தது. திறந்து, இதைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மேட் செய்து உள்ளே இருப்பதையெல்லாம் அழிக்க வேண்டும், செய்யவா என்று கேட்டது.

"செய்னு குடுத்துடு" என்றான் கணவன். "அப்புறமா ஃபைலை மீட்டுக்கலாம். அதுக்கெல்லாம் சாஃப்ட்வேர் இருக்கு."

மவுஸை அந்தக் கேள்விமேல் கொண்டுபோனாள். மணி ஒன்றரை ஆகப்போகிறது. ஒரு அழுத்து அழுத்தினால் ஏதோ ஒன்று நடக்கும். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு அது மேல் என்று ஒரு கணம் தோன்றியது. போன வருடமும் இப்படித்தான், அப்புறமா மீட்டுக்கலாம் என்றான். நேற்றுவரை நன்றாக ஓடியது இது. சாயம் மிச்சமிருந்து கம்ப்யூட்டருக்கு அரைகுறையாகக் காதில் விழுகிறதோ என்னவோ, அப்படி விழுந்தால் யாரும்தான் உளறுவார்கள்.

"ஏங்க, போனை வைக்கிறேன்."

"ஏய், சொல்றதைக் கேளு…"

வைத்துவிட்டாள். வேண்டாம் என்பதை அழுத்திப் பென் டிரைவைப் பிடுங்கினாள். ஒரு தகட்டின் ஓரத்தில் நூல் மாதிரி ஒரு சிவப்புக் கோடு மிச்சமிருந்தது. குச்சியால் சுரண்டினாள். மாமனார் மேசை விளக்கைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். துடைத்து, காயவிட்டு, மறுபடி சொருகினாள்.

திறந்தது. மருந்துக்கடை, பலகை பலகையாக அப்படியே இருந்தது.

ஒரு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக அந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரு நகல் போட்டாள். கைப்பையைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

பட்டறைக்குள் நுழையும்போது இரண்டு மணி தாண்டியிருந்தது. பட்டறைக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. இயந்திரத்தின் முன்னால் நின்ற ஆபரேட்டர் பென் டிரைவை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "அட, அம்பெல்லாம் போட்டிருக்கே!" என்று அம்பு மேலே பார்க்கச் சொருகினார். போகவில்லை. அழுத்தினார். போகவில்லை.

"குடுங்க அண்ணே." அந்த இயந்திரத்தில் ஓட்டையே தலைகீழாகத்தான் இருந்தது. அம்பு தரையைப் பார்க்கும்படி திருப்பிச் சொருகினாள். திரையில் கோடுகள் வந்தன. பட்டறைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அளவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தலையாட்டினார். பலகை நகர்ந்தது, மரத்தூள் பறந்தது.

முதல் பலகையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அடுத்த தடவை ரெண்டு பென் டிரைவுல போட்டுக் கொண்டு வாம்மா" என்றார்.

அப்போது அவள் போன் அடித்தது. வீட்டிலிருந்து.

"சரியாப் போச்சாம்மா? அம்பைப் பாத்துச் சொருகினாங்களா?"

"பாத்துத்தான் சொருகினாங்க மாமா." தரையைப் பார்த்துக் கிடந்த அம்பை ஒருமுறை குனிந்து பார்த்தாள். "அந்த நெயில் பாலிஷ் பாட்டிலை மட்டும் எடுத்து என் பீரோவுல வச்சிடுங்க. நான் வந்து பூட்டிக்கிறேன்."