கடலுக்கு ரத்தசோகை

ஃப்ரீசர் பாக்ஸ் இரண்டாவது மாடித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. லிஃப்ட் பழுதாகி ஒரு வாரமாகியும் யாரும் எட்டிப் பார்க்காத அபார்ட்மெண்ட் அது. பாக்ஸைத் தூக்கி வந்த ஆட்கள் தெலுங்கில் "கொஞ்செம் எத்து அன்னா, கொஞ்செம் எத்து" என்று ஒருவரையொருவர் ஏவிக்கொண்டிருந்தார்களே தவிர, யாரும் தூக்கியபாடில்லை.

ஜெயகரன் மேல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற மகள் பிளெசியிடம் அந்தத் திருப்பத்தைக் கையால் காட்டினார்.

"அங்கனதான் உக்காந்தா உங்கம்மா. முடியலன்னு சொன்னா. கீழ்வீட்டு ஷோபா அவ்வளவு பருமன், அவளே ஏறுதா, உனக்கென்னன்னு கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன்."

"அப்பா, உள்ள வாங்க."

"நான்தாம்மா ஏத்திக் கொன்னுட்டேன்."

அது நேற்றுச் சாயங்காலம். கோயிலிலிருந்து திரும்பிய செலின், வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி இருந்தாள். விடிந்ததும் போய்விட்டாள். அப்போதிலிருந்து ஜெயகரன் வருகிறவர்களிடமெல்லாம் இந்தப் படிக்கட்டுக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள், கர்த்தர் சித்தம் என்று சொல்லி அவர் தோளைத் தட்டினார்கள்.

அவர் சொல்வது தப்பு என்று பிளெசிக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும். காலையில் ஐ.சி.யு. வாசலில் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அம்மாவுக்கு உடம்பில் ரத்தமே இல்லை. வயிற்றுக்குள் எங்கோ மாதக்கணக்காகக் கசிந்துகொண்டே இருந்திருக்க வேண்டும். இருந்த கொஞ்ச ரத்தத்தை வைத்துக்கொண்டு இதயம் இத்தனை நாள் இழுத்திருக்கிறது, இனி முடியாதென்று விட்டுவிட்டது. இதைச் சொல்லிவிட்டு அந்த டாக்டர் ஒரு கேள்வி கேட்டார்.

"இரும்புச் சத்து ரொம்பக் குறைஞ்சா சிலருக்குக் கண்டதைத் தின்னணும்னு தோணும். பச்சரிசி, சாக்பீஸ், ஐஸ் கட்டி. இவங்க அப்படி ஏதாவது சாப்பிட்டாங்களா?"

"இல்லையே டாக்டர்" என்றாள் பிளெசி.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"கவர்மெண்ட் ஆபீஸ்ல."

இரண்டும் அவள் வாயிலிருந்துதான் வந்தன. யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை. சூடு பட்ட கை தானாகப் பின்னால் போவதுபோல வந்துவிட்டது.

பாக்ஸ் ஒருவழியாக மேலே வந்தது. செலினை அதில் படுக்க வைத்து, நாசரேத்திலிருந்து ரயிலில் வந்துகொண்டிருக்கும் சொந்தக்காரர்களுக்காக நாளை மதியம் வரை வைத்திருப்பதென்று முடிவாயிற்று. திருமுல்கேரியிலிருந்து வந்திருந்த சித்தி ஜெஸ்ஸிதான் எல்லாவற்றையும் முன்னின்று நடத்தினாள். அழுவாள், பாதியில் எழுந்துபோய் வாடகை நாற்காலிக்குச் சொல்வாள், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து அழுவாள்.

மே மாத வெயிலில் மாடியேறி வருகிறவர்கள் தண்ணீர் கேட்டார்கள். ஜெஸ்ஸி ஃப்ரிட்ஜைத் திறந்தவள் அப்படியே நின்றாள். மேல்தட்டு முழுக்க ஐஸ் ட்ரே. நீலம், வெள்ளை, ஒன்றன்மேல் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பு ரப்பரில் ஒரு ட்ரே, ஒவ்வொரு குழியும் ஒரு பெங்குவின்.

"ஏட்டி, என்ன இது? ஐஸ் கம்பெனி வச்சிருந்தாளா எங்கக்கா?"

"அம்மா சும்மா மெல்லுவாங்க சித்தி."

"தெனமுமா?"

பிளெசி டம்ளர்களை எடுத்துவைத்தாள்.

தினமும்தான். அடுப்பு வேலை முடித்தால் ஐஸ், சீரியல் பார்க்கும்போது ஐஸ். நறநறவென்று மெல்லும் சத்தம் பிளெசியின் அறைவரை கேட்கும். "வாய்க்கு இதமா இருக்குட்டி" என்பாள். ஜெயகரன் சாப்பிட்டுக் கை கழுவியதும் ட்ரேக்களில் தண்ணீர் ரொப்பி அடுக்கி வைப்பார். ரயில்வேயில் இருந்தவரைக்கும் வீட்டில் ஒரு டம்ளரைக்கூட நகர்த்தாத மனுஷர். ஓய்வு பெற்றபின் பெண்டாட்டிக்காக அவராகவே ஏற்றுக்கொண்ட ஒரே வேலை அது.

பெங்குவின் ட்ரே பிளெசி வாங்கி வந்தது. ஹப்சிகுடாவில் அவள் வேலை பார்க்கும் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து தென்துருவக் கடலுக்குப் போனபோது, கப்பலேறும் முன் கேப் டவுனில் வாங்கினாள். அந்தக் கடல் நீரில் கரைந்திருக்கும் இரும்பை அளப்பது அவள் வேலை. இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குத்தான் இருக்கும். கப்பலே இரும்பு என்பதால் கயிறு முதல் குப்பி வரை எல்லாம் பிளாஸ்டிக்கில் வேண்டும், வளையலும் மோதிரமும் ஆகாது, ஒரு தூசி விழுந்தால் அந்தக் குப்பி வீண். அவ்வளவு சின்னதைக் கண்டுபிடிக்கிற கண் அவளுக்கு என்று எல்லோரும் மெச்சினார்கள்.

திரும்பி வந்ததும் கோயிலில் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பேசச் சொன்னார்கள். எளிமையாகச் சொல்ல வேண்டுமென்று முதல்நாள் உட்கார்ந்து நன்றாகப் படித்துத் தயார் செய்தாள். "அங்க கடலுக்கு ரத்தசோகை" என்று ஆரம்பித்தாள். மற்ற சத்தெல்லாம் அந்தத் தண்ணீரில் கொட்டிக் கிடக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத பாசி வளர இரும்பு இல்லை. எங்கோ பாலைவனத்துப் புழுதி காற்றில் வந்து கொஞ்சம் விழுந்தால் போதும், கடல் பச்சையாகிவிடும். பாசி இருந்தால்தான் கூனி இறால், கூனி இருந்தால்தான் திமிங்கலம். "நம்ம பொம்பளைங்க மாதிரிதான். சோர்வா இருக்கும், மூச்சு வாங்கும், வெளிறிப் போகும், கண்டதை மெல்லத் தோணும். ஆனா வெளிய சொல்ல மாட்டாங்க." எல்லோரும் சிரித்தார்கள். செலின் முதல் வரிசையில் உட்கார்ந்து மகளைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து புடவை மாற்றாமல் நேரே ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

"அண்டார்டிகாவுக்குப் போய்ட்டு வந்தது நானா, நீயாம்மா?" என்று கேட்டாள் பிளெசி. வீடே சிரித்தது. செலினும் வாயில் பெங்குவினை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

இப்போது நினைத்தால் பிளெசிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் வீடு நிறைந்துவிட்டது. வருகிற ஒவ்வொருவரிடமும் ஜெஸ்ஸி அவளைக் காட்டினாள். "இதுதான் எங்கக்கா மக. சயின்டிஸ்ட்டு. கடல்ல இரும்புச் சத்து இருக்கா இல்லையான்னு கண்டுபிடிக்கா. எங்கக்காவுக்கு இவளச் சொல்லி மாளாது." அவர்கள் செலினைப் பார்த்துவிட்டு, பிளெசியைப் பார்த்துத் தலையாட்டினார்கள். பாக்ஸின் கண்ணாடிக்குக் கீழே செலினின் உதடு வெள்ளையாக இருந்தது. இறந்ததால் வந்த வெள்ளை என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். பல மாதமாகவே அந்த உதடு அப்படித்தான் இருந்தது. பிளெசி தலையைக் குனிந்தபடியே இருந்தாள், துக்கத்தில் இருக்கிறாள் என்று நினைத்து ஷோபா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அந்தக் கையைத் தட்டிவிடவும் முடியவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டி இறங்கியதும் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். பிளெசியும் அள்ளினாள். சிவப்பு மண். அவள் கப்பலில் கொண்டுவந்த தண்ணீர் முழுவதிலும் இல்லாத இரும்பு அந்த ஒரு பிடியில் இருந்தது. அவளுக்கு முன் போட்ட ஜெயகரன் கையை உதறாமல் பெட்டியைப் பார்த்து, "மெதுவா ஏறியிருக்கலாம்ட்டி, நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார். பாஸ்டரே கொஞ்சம் தடுமாறிவிட்டார்.

சாயங்காலம் வீடு காலியானது. ஜெஸ்ஸி ஊர்க்காரர்களை ஸ்டேஷனில் விடப் போயிருந்தாள். ஃப்ரீசர் பாக்ஸ் இருந்த இடத்தில் நாற்காலி போட்டு ஜெயகரன் உட்கார்ந்திருந்தார். விரல் இடுக்கில் மண் காய்ந்திருந்தது.

"லிஃப்ட் சரியானப்பறமா கோயிலுக்குப் போலாம்னா. நான்தான் கேக்கல."

இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தால், இந்த மனுஷர் சாகிறவரைக்கும் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருப்பார் என்று பிளெசிக்குத் தோன்றியது. அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா, படியேறினதால இல்ல."

அவர் பார்த்தார்.

"டாக்டர் என்கிட்ட சொன்னாங்க. அம்மாவுக்கு ரத்தமே இல்லப்பா. ரொம்ப நாளா. அன்னைக்கு ஏறலன்னாலும் இன்னொரு நாள் இது நடந்திருக்கும்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே அவ."

"அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது. ஐஸ் தின்னாங்கல்ல. இரும்புச் சத்து இல்லாதவங்கதான் அப்படித் தின்னுவாங்க. டாக்டர் கேட்டாங்க, ஐஸ் ஏதும் தின்னாங்களான்னு. நான் இல்லன்னுட்டேன்."

"ஏன்?"

"வெக்கமா இருந்துச்சுப்பா."

ஜெயகரன் விரல் இடுக்கிலிருந்த மண்ணைப் பார்த்தார். திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"உன் படிப்பே அதானம்மா?" என்றார். குத்திக்காட்டவில்லை. தெரியாமல்தான் கேட்டார்.

"ஆமாப்பா."

"ஐஸு" என்று தனக்குத்தானே ஒருமுறை சொல்லிக்கொண்டு எழுந்து சமையலறைக்குப் போனார். ஃப்ரிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்டது. சிங்க்கில் ஏதோ பொலபொலவென்று விழுந்தது. பிறகு குழாய்ச் சத்தம்.

பிளெசி போய்ப் பார்த்தாள். சிங்க்கில் பெங்குவின்கள் கவிழ்ந்து கிடந்தன. அவர் கறுப்பு ட்ரேயைக் கழுவி, தினமும் செய்வதுபோலக் குழிகளில் தண்ணீர் ரொப்பி, குழாயை மூடிவிட்டிருந்தார். ஃப்ரிட்ஜின் மேல்கதவு திறந்து கிடந்தது. அதன் குளிர் புகையாக அவர் சட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது.

"குடுங்கப்பா" என்று கை நீட்டினாள்.

அவர் கொடுக்கவில்லை. உள்ளே வைக்கவும் இல்லை, கொட்டவும் இல்லை. ரப்பர் ட்ரே நடுவில் தொய்ந்துவிடாதபடி அடியில் ஒரு கையைக் கொடுத்து, ஒரு சொட்டுகூடத் தளும்பாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.